விடுதியில் மூளைக்காய்ச்சல், ஊரில் குளம்: எது எப்படித் தொற்றும்? யாருக்கு மாத்திரை, எதற்கு பிளீச்சிங்?

களியக்காவிளை வார்டு எழுதியது:

வணக்கம். எங்கள் வார்டில் ஒட்ட ஒரு நோட்டீஸ் தயார் செய்கிறோம். தப்பில்லாமல் எழுத விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு விடுதிப் பையனை மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதே விடுதியில் நம்ம பக்கத்துப் பையன்கள் சிலர் இருக்கிறார்கள். சனி ஞாயிறு பஸ் ஏறி ஊருக்கு வந்து போகிறவர்கள். மலையாளச் சேனல்களில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்தி ஓடிக்கொண்டே இருப்பதால் இதையும் அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ஒரு வீட்டில் பையனைக் குளத்துக்கு விடவில்லை. இன்னொரு வீட்டில் பையனையே உள்ளே விட யோசிக்கிறார்கள். யாரோ ரிஃபாம்பிசின் 450 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வீடு வீடாகக் கொடுக்கலாம் என்கிறார்கள்.

இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுமா, தண்ணீரில் பரவுமா? மாத்திரை யாருக்கு? குளத்துக்கும் கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லலாமா, எவ்வளவு?


பொ.சு. தக்கலை எழுதியது:

அண்ணே, நோட்டீஸ் அடிக்கும் முன் அந்தப் பையன் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாங்குங்கள்: என்ன கிருமி? முதுகுத்தண்டு நீரில் என்ன வந்தது? இந்தப் பதில் இல்லாமல் எழுதுகிற எந்த நோட்டீஸும் பாதிப் பேரைப் பயமுறுத்தும், மீதிப் பேரை அசட்டையாக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறை வீங்கினால் அது மெனிஞ்சைட்டிஸ், இங்கே மூளைக்காய்ச்சல் என்பது இதைத்தான். வீங்க வைப்பது பாக்டீரியாவா, வைரஸா, காசநோய்க் கிருமியா, பூஞ்சையா, அமீபாவா என்பதைப் பொறுத்துத்தான் பரவும் வழி. நீங்கள் பயப்படும் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஆளிடமிருந்து ஆளுக்கு வரும், குளத்திலிருந்து வராது. அமீபா தண்ணீரிலிருந்து வரும், ஆளிடமிருந்து வராது.

விடுதி என்றதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது மெனிங்கோகாக்கஸைத்தான். தென்னிந்தியாவில் அபூர்வம், டெல்லியில் 2005-லும், மேகாலயாவிலும் திரிபுராவிலும் 2008-09-லும் பரவலாக வந்தது. ஆனால் ஒருவருக்கு வந்தால் கூட இருப்பவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டிய வகை இது என்பதால் அபூர்வம் என்று விட முடியாது.

இந்தக் கிருமி மனிதர்களின் மூக்குத் தொண்டையில் மட்டுமே வாழ்கிறது. சாதாரணக் காலத்திலேயே பத்தில் ஒருவர் தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். இருமல், தும்மல், முத்தம் வழியாகத் தொண்டைச் சளி நேராக அடுத்தவருக்குப் போனால்தான் தொற்றும். அதுவும் ஒரு தடவை எதிரே நின்று பேசியதற்கெல்லாம் வருவதில்லை; ஒரே அறையில் படுத்துறங்குவது மாதிரி நெருக்கமும் நேரமும் வேண்டும். தொற்றியவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சிலருக்குத்தான் கிருமி இரத்தத்தில் இறங்கி மூளை உறைக்குப் போகும். தொற்றியதிலிருந்து நோய் வர 2 முதல் 10 நாள், பெரும்பாலும் 4 நாள்.

"தொடர்பில் இருந்தவர்" என்று யாரைச் சொல்வது? நோயாளிக்கு நோய் தொடங்குவதற்கு முந்தைய 7 நாளில் அவனோடு ஒரே வீட்டிலோ ஒரே அறையிலோ படுத்தவர்கள், முத்தமிட்டவர்கள், பாதுகாப்பு இல்லாமல் அவன் வாய்க்குள் குழாய் போட்ட அல்லது சளி உறிஞ்சிய மருத்துவ ஊழியர்கள். விடுதியில் அறைத் தோழர்கள் கட்டாயம் வருவார்கள். அதே மாடி, அதே மெஸ், அதே வகுப்பு என்பது மட்டும் போதாது. அதை விடுதியைப் பார்வையிடும் சுகாதார அலுவலர் படுக்கை வரிசையைப் பார்த்து முடிவு செய்வார். ஊருக்கு வந்த பையனின் அம்மா, தங்கை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் தொடர்பின் தொடர்பு, அவ்வளவுதான்.

நோயாளிக்குச் சரியான ஊசி தொடங்கி 24 மணி நேரம் ஆனபின் அவரிடமிருந்தும் பரவாது.

மற்றவை சுருக்கமாக. நிமோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா பெரும்பாலும் காதுச் சீழ், சைனஸ், நிமோனியா, மண்டை எலும்பு முறிவு வழியாக அந்த ஆளுக்குள்ளேயே ஏறுவது; கூட இருப்பவர்களுக்கு மருந்து தேவையில்லை. வைரஸ் வகைகளில் அதிகம் எண்டரோவைரஸ், மலத்திலிருந்து கை வழியாக வாய்க்கும் சளி வழியாகவும் பரவும். மிக இளங்குழந்தைகளைத் தவிர்த்தால் பெரும்பாலும் தானாகக் குணமாகும். இதற்குச் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் வழி, சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. காசநோய் வகையில் நுரையீரல் காசநோய் உள்ளவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மூளை உறையில் இருக்கும் காசநோய் தானாக யாருக்கும் ஒட்டாது. கொசு கடித்து வருவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது மூளையையே தாக்கும் வேறு நோய், வயல் பக்கத்துக் க்யூலெக்ஸ் கொசு காரணம், ஆளிடமிருந்து ஆளுக்கு வராது.


மருந்துக்கடை பாறசாலை எழுதியது:

அந்த ரிஃபாம்பிசின் 450 விஷயத்தை முதலில் நிறுத்துங்க. அது காசநோய்க்குத் தினம் ஒருவேளை கொடுக்கிற அளவு. மெனிங்கோகாக்கஸ் தொடர்புக்குக் கணக்கே வேற: பெரியவங்களுக்கு 600 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 2 நாள், மொத்தம் 4 வேளை. ஒரு மாதத்துக்கு மேலான குழந்தைக்கு கிலோவுக்கு 10 மி.கி., அதே 4 வேளை. 450-ஐ ஒருவேளை முழுங்கிட்டு "நான் மருந்து எடுத்துட்டேன்"னு நிம்மதியா இருக்கிறவங்கதான் ஆபத்து. தொண்டையில் கிருமி அப்படியே இருக்கும். யாருக்காவது வெளியே தெரியாத காசநோய் இருந்தா, அரைகுறை ரிஃபாம்பிசின் அதை மருந்துக்கு அடங்காததா மாத்திடவும் கூடும்.

சாப்பிடுறவங்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது: சிறுநீர், கண்ணீர், வியர்வை ஆரஞ்சு நிறமா வரும், பயப்பட வேண்டாம். கான்டாக்ட் லென்ஸைக் கழட்டி வைக்கணும், கறை போகாது. கருத்தடை மாத்திரை வேலை செய்யாம போகலாம். இரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்க டாக்டரிடம் சொல்லாம தொடவே கூடாது.

ஒரே வேளையில் முடியணும்னா செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இருக்கு. பெரியவங்களுக்கு 250 மி.கி., 15 வயசுக்குக் கீழே 125 மி.கி., தசையில் ஒரு ஊசி. கர்ப்பிணிகளுக்கு இதுதான் சரி. சிப்ரோஃப்ளாக்ஸசின் 500 ஒரே மாத்திரைன்னு புத்தகத்தில் இருக்கும். ஆனா டெல்லியில் 2005-ல் வந்த கிருமியிலேயே சிப்ரோவுக்கு எதிர்ப்பு பார்த்திருக்காங்க, அதனால அதைக் கண்ணை மூடிட்டுக் கொடுக்கிறதில்லை.

மருந்து 24 மணி நேரத்துக்குள் போனா நல்லது. 14 நாள் கழிச்சுக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை. எதுவானாலும் டாக்டர் சீட்டோட வாங்க, கடைக்காரங்க இதைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது.


லேப் குலசேகரம் எழுதியது:

பொ.சு. சார் சொன்ன "என்ன கிருமி" பதிலை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

தண்டுவட நீர் கலங்கலாக, நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) நிறைய, சர்க்கரை குறைவு, புரதம் கூடுதல் என்றால் பாக்டீரியா என்று நினைப்போம். தெளிவாக, லிம்ஃபோசைட் (வேறு வகை வெள்ளை அணு) கூடுதல், சர்க்கரை சரியாக இருந்தால் வைரஸ் பக்கம். லிம்ஃபோசைட்டோடு சர்க்கரையும் குறைந்தால் காசநோய்க்கு சிபிநாட் என்ற மரபணுச் சோதனை போட வேண்டும்.

தப்பு நடப்பது இங்கேதான்: நெக்லேரியா அமீபாவும் பாக்டீரியா மாதிரியே காட்டும். கலங்கல், நியூட்ரோஃபில், குறைந்த சர்க்கரை எல்லாம் அப்படியே. ஆனால் பாக்டீரியாவைச் சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்டெயினில் கிருமி இருக்காது. அப்போது "குளத்தில் குளித்தானா, மூக்கில் தண்ணீர் ஏறியதா" என்று யாராவது கேட்டால்தான் அமீபா ஞாபகம் வரும். நீரை எடுத்தவுடனே, ஃப்ரிட்ஜில் வைக்காமல், ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து நேரடியாகப் பார்க்க வேண்டும். அமீபா நகர்வது தெரியும். குளிரில் வைத்தாலோ, காத்திருந்தாலோ நகர்வது நின்று வெள்ளை அணு மாதிரிக் கிடக்கும், தவறிப்போகும். உறுதி செய்வது பிசிஆரில்.

அதனால் நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள்: காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கடந்த 2 வாரத்தில் குளம், ஆறு, நீச்சல்குளம் எதில் இறங்கினாலும் கேட்காமலே சொல்ல வேண்டும்.


களியக்காவிளை வார்டு எழுதியது:

நன்றி. விடுதியில் கேட்டுவிட்டோம்: மெனிங்கோகாக்கஸ் என்று சந்தேகம், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வரவேண்டும், அறைத் தோழர்களுக்கு அங்கேயே ஊசி போட்டுவிட்டார்களாம். நம் பையன்கள் வேறு மாடி.

குளம், கிணறு விஷயத்தை யாராவது விளக்குங்கள். இங்கே பல வீட்டில் உறைக்கிணறுதான், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள்.


கிணறும் குழாயும் எழுதியது:

முதல்ல அமீபா எப்படி வருதுன்னு தெளிவா வெச்சுக்குங்க, அப்புறம் பிளீச்சிங். நெக்லேரியா ஃபவுலெரி வெதுவெதுப்பான நல்ல தண்ணியில, அடிச் சேத்துல இருக்கும். 46 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும். கடல் தண்ணியில பிழைக்காது, அதனால குளச்சல், முட்டம் பக்கம் கடல்ல குளிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. தண்ணியைக் குடிச்சா வராது. மூக்குக்குள்ள வேகமா ஏறினா, மேல வாசனை நரம்பு போற சல்லடை எலும்பு வழியா நேரே மூளைக்குப் போயிரும். 1 முதல் 12 நாளுக்குள்ள தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு. பிறகு குழப்பம், வலிப்பு. உலக அளவில் நூத்துக்கு 97 பேர் இறந்துபோற நோய் இது. கேரளத்தில் முதல்ல பதிவானது 2016-ல ஆலப்புழையில. 2024-ல கோழிக்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பிழைச்சான், சீக்கிரமே சந்தேகப்பட்டு மில்டெஃபோசின் உட்பட மருந்துகளைத் தொடங்கினதால. 2025-ல கேரளத்தில் நிறைய வந்தது, அதுல எல்லாம் நெக்லேரியா இல்லை. அகாந்தமீபாங்கிற இன்னொரு அமீபாவும் இருந்தது, அது தோல் புண் வழியாவும் மூச்சு வழியாவும் போகும், மெதுவா வாரக்கணக்கில முத்தும், எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

பாறசாலை எல்லைக்கல்லைப் பார்த்து அமீபா நிக்காது. நம்ம பக்கத்துக் குளமும் அதே மண்ணு, அதே வெயில்.

குளத்துக்கு பிளீச்சிங் போடாதீங்க. அவ்வளவு தண்ணிக்கு, அவ்வளவு சேத்துக்கு, போடுற குளோரின் எல்லாம் பாசியிலயும் சகதியிலயுமே தீர்ந்துரும். மீன் செத்து மிதக்கும், அமீபா அடியில சொகமா இருக்கும். குளத்துக்குச் சொல்ல வேண்டியது: குதிக்காதே, முங்காதே, அடிச்சேத்தைக் கலக்காதே, இறங்கினா மூக்கைப் பொத்திக்கோ அல்லது மூக்கு கிளிப் போடு. கோடைகாலத்துல தண்ணி இடுப்பளவுக்கு வத்திச் சூடேறிக் கிடக்கும்போது இறங்கவே வேண்டாம். திற்பரப்பு மாதிரி ஓடுற தண்ணியில ஆபத்து குறைவு, இல்லைன்னு சொல்லிட முடியாது.

இப்போ கிணறு. விட்டத்தை அடியில அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணி நிக்கிற ஆழத்தால (அடி) பெருக்கி, 22-ஆல பெருக்குங்க. லிட்டர் வந்துரும். 5 அடி விட்டம், 12 அடி தண்ணின்னா 5 × 5 × 12 × 22 = 6,600 லிட்டர். மீட்டர்ல அளந்தா கடைசியில 22-க்குப் பதில் 785.

ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், அது வழக்கமான அளவு. நோய்ச் சந்தேகம் இருக்கும்போதும், மழைவெள்ளம் கிணத்துல இறங்கின பிறகும் 5 கிராம். மேல சொன்ன கிணத்துக்கு 16.5 கிராம், இரட்டிப்புன்னா 33 கிராம். கைப்பிடி கணக்கு வேண்டாம், மளிகைத் தராசுல நிறுத்துப் போடுங்க.

போடுறது எப்படி: கையுறை போட்டுக்கிட்டு, பிளாஸ்டிக் வாளியில பவுடரைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் களி மாதிரி குழைக்கணும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல வேண்டாம். பிறகு முக்கால் வாளி தண்ணி ஊத்திக் கலக்கி, 5 முதல் 10 நிமிஷம் அப்படியே வைங்க. சுண்ணாம்பு அடியில தங்கும். மேல தெளிஞ்ச தண்ணியை மட்டும் இன்னொரு வாளிக்கு மாத்தி, கயித்துல கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி, தண்ணிக்கு அடியில மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் நல்லா ஆட்டணும். அடியில தங்கின சுண்ணாம்பைக் கிணத்துல கொட்டாதீங்க, தண்ணி கடினமாகும். எல்லாரும் செய்யற தப்பு, பவுடரை மேல இருந்து தூவிட்டுப் போயிடறது. அது மேல ரெண்டு அடியிலேயே நின்னுபோகும், மோட்டார் உறிஞ்சறது அடியில.

ஒரு மணி நேரம் யாரும் தண்ணி எடுக்கக் கூடாது. ராத்திரி போட்டா வசதி. அப்புறம் ஊராட்சியில இருக்கிற குளோராஸ்கோப்ல (தண்ணியில குளோரின் அளக்கிற கருவி) பார்த்தா 0.5 மி.கி./லிட்டராவது காட்டணும். காட்டலைன்னா கிணத்துல அழுக்கு அதிகம், அல்லது பவுடர் செத்துப்போச்சு, மறுபடி போடுங்க.

மாடித்தொட்டியை யாரும் ஏறிப் பார்க்கிறதில்லை. அடியில ரெண்டு விரல் சகதி இருந்தா கிணத்துல போட்ட குளோரின் அங்கேயே தீர்ந்துரும். வடிச்சு, பக்கத்தைத் தேய்ச்சு, சகதியை வழிச்சு எடுத்து, நிரப்பி, 1,000 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் பவுடரைக் கரைச்சுத் தெளிஞ்ச தண்ணியை விட்டு ஒரு மணி நேரம் வைங்க. ஒவ்வொரு குழாயையும் திறந்து குளோரின் வாசனை வந்ததும் மூடி, குழாய்க்குள்ளயும் நிக்க விடுங்க. வெயில்ல கிடந்த ஹோஸ் பைப் தண்ணியைப் பிள்ளைங்க மூஞ்சியில பீச்சறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஓட விடுங்க.


சுனிதா சேச்சி எழுதியது:

கிணறு அண்ணன் சொன்னதோடு மூக்குக் கழுவுகிற பழக்கத்தையும் சேர்க்கணும். இந்தப் பக்கம் சைனஸுக்கு ஜலநேத்தி செய்கிறவர்கள் நிறைய. குழாய்த் தண்ணியை இளஞ்சூடாக்கி உப்புப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது, வெதுவெதுப்பு அமீபாவுக்குப் பிடித்த சூடு. தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த தண்ணீர் வேண்டும். நேத்திக் குவளையையும் கழுவிக் காயவைக்கணும். தொழுகைக்கு முன் மூக்குக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்களும் பள்ளிவாசல் தொட்டியில் குளோரின் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலென்றால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு செம்பு தனியாக வைக்கலாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. ஆப்பிரிக்க ராட்சத நத்தை நம்ம தோட்டங்களில் பெருகியிருக்கிறது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சு நத்தைக்குள் இருக்கும். அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறையை வீங்க வைக்கும். இயோசினோஃபில் என்ற வெள்ளை அணு கூடிய இந்த வகை கேரளத்தில் குழந்தைகளிடம் பதிவாகியிருக்கிறது. உடும்பை வேகாமல் தின்பதாலும் வரும். நத்தையை வெறும் கையால் பொறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள். நத்தை ஊர்ந்த கீரையை இலை இலையாக ஓடும் தண்ணீரில் கழுவி, வேகவைத்தே சாப்பிடணும். ஆளிடமிருந்து ஆளுக்கு இதுவும் பரவாது.


களியக்காவிளை வார்டு எழுதியது:

கடைசியாக இரண்டு. விடுதி அறைக்கு மருந்தடிக்க வேண்டுமா? தடுப்பூசி எது, இப்போது போட்டால் பலன் உண்டா?


பொ.சு. தக்கலை எழுதியது:

அறைக்கு எதுவும் அடிக்க வேண்டாம். மெனிங்கோகாக்கஸ் வெளியே வெகுநேரம் பிழைக்காது. தட்டு, டம்ளர், போர்வையை வழக்கம்போல் சோப்புப் போட்டுத் துவைத்தால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கட்டில்களுக்கு இடையே இடைவெளி விடுங்கள். புகை மருந்து அடித்தால் ஊருக்கு ஏதோ செய்த மாதிரி இருக்கும், கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

தடுப்பூசி இப்படி. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரத்தில் போடும் பென்டாவேலன்ட்டில் (ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி) மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கு எதிரானது இருக்கிறது. அரசு அதை முதலில் தொடங்கியதே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். நிமோகாக்கஸுக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் ஊசி உண்டு. இரண்டும் அரசு மையங்களில் இலவசம், விட்டுப்போனவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். மெனிங்கோகாக்கஸின் நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி அரசு அட்டவணையில் இல்லை. ஹஜ் போகிறவர்களுக்குக் கட்டாயம், போய்ச் சேர 10 நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். தொடர்பில் இருந்தவருக்குத் தடுப்பூசி மட்டும் போட்டு மருந்தை விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், நோய் அதற்குள் வந்துவிடும்.

உங்கள் வேறு மாடிப் பையன்களுக்கு மாத்திரை வேண்டாம், 10 நாள் கவனித்தால் போதும். வீட்டில் படுக்கலாம், சாப்பிடலாம், பஸ்ஸில் போகலாம். காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, முகவாயை நெஞ்சில் தொட முடியாத கழுத்து விறைப்பு, பிதற்றல், இவற்றில் எது வந்தாலும் 108. தோலில் செந்நீலப் புள்ளி தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. நம் தோல் நிறத்தில் புள்ளி சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்பக்கம், மேல் அண்ணம் பாருங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இருக்கலாம். உச்சிக்குழி புடைப்பது, பால் குடிக்காதது, கீச்சென்று அழுவது, தூக்கினால் இன்னும் அழுவது, இவைதான் அடையாளம்.

கல்ச்சர் பதில் வேறாக வந்தால், நிமோகாக்கஸோ வைரஸோ என்றால், இந்த 10 நாள் கணக்கையும் எடுத்துவிடலாம். நோட்டீஸில் கிருமி பெயர் எழுதும் இடத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.


கிணறும் குழாயும் எழுதியது:

பவுடர் வாங்கும்போது ஒண்ணு பாருங்க. மூட்டை தயாரிச்ச தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை. திறந்து வெச்ச பவுடர், ஈரம் பட்டுக் கட்டிதட்டினது, வாசனையே வராதது, இதெல்லாம் வெறும் சுண்ணாம்பு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுல, வெயில் படாத இடத்துல வைங்க, இரும்பு டப்பா அரிச்சுப் போகும். கழிவறை ஆசிட் பாட்டில் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, ரெண்டும் கலந்தா குளோரின் வாயு கிளம்பும்.